மாப்பிள்ளை போட்ட புது சிஸ்டம்

கிள்ளான்,
வெள்ளிக்கிழமை காலை.

மரியாதைக்குரிய சம்பந்தி திரு. சிவநேசன் அவர்களுக்கும் சம்பந்தியம்மா அவர்களுக்கும் கமலநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி அமுதவள்ளியும் மகள் வாணியும் நலம். கம்ப்யூட்டர் மட்டும் நலமில்லை. காஜாங்கில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கொடுத்தனுப்பிய எண்ணெயைத் தடவுகிறீர்களா? தடவாவிட்டாலும் என் மனைவி கேட்டால் தடவுகிறேன் என்றே சொல்லிவிடுங்கள். அவளே காய்ச்சியது.

போனில் ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு இந்த மனிதர் ஏன் ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. உங்கள் போனுக்கு வருகிற மெசேஜ் எல்லாம் மாப்பிள்ளையின் லேப்டாப்பிலும் தெரியும்படி அவர் செய்து வைத்திருப்பதாக நிச்சயதார்த்தத்தன்று நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். சரி, பேசிவிடலாம் என்றால் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவீர்கள். நான் சொல்லப்போவது மாப்பிள்ளை ரிஷியின் காதில் விழவே கூடாது. பயப்பட வேண்டாம், கல்யாணத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சம்பந்தியம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

உள்ளதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் மகன் தங்கமான பிள்ளை, ஆனால் பேசமாட்டார். நிச்சயம் முடிந்து முதல்முறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது நான் என்னென்னவோ கேட்டுப் பார்த்தேன். சுபாங் ஜெயாவில் ஆபீஸ் எப்படி என்றால், ஓகே அங்கிள். ஹைவேயில் ஜாம் எப்படி என்றால், ஓகே அங்கிள். பந்து விளையாட்டு பார்ப்பீர்களா என்றால் ஒரு சிரிப்பு, அதுவும் உதட்டோடு சரி. அமுதவள்ளி நண்டு வைத்தாள், ஆட்டிறைச்சி வைத்தாள். இலையில் வைத்ததைக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாரே தவிர, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று வாய் திறக்கவில்லை. அவர் போன பிறகு அமுதவள்ளி சமையலறையில் நின்றபடி, பிள்ளைக்கு நம் வீடு பிடிக்கவில்லையோ என்று கேட்டாள். எனக்கும் அதே கவலைதான். நான் ஒரே பெண்ணைப் பெற்றவன். ஒரு வாலிபப் பிள்ளையோடு உட்கார்ந்து என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்குக்குப் பத்திரம் டைப் அடித்தே ஓய்வு பெற்றவனுக்குக் கண்டெய்னரைப் பற்றித்தான் பேச வரும். அதையும் பேசிப் பார்த்தேன். அதற்கும் ஓகே அங்கிள்தான்.

இப்போது கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன். எங்கள் ஹாலில் ஒன்று இருக்கிறதே, நீங்கள்கூட அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் காப்பி குடித்தீர்கள். அதில் பத்தாம் நம்பர் சிஸ்டம் ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு முன்பிருந்தே திரையில் ஓர் அறிவிப்பு. பத்துக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, பதினொன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. மாறுவதால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று நானும் விசாரித்தேன். வாணி, மாறாவிட்டால் திருடன் உள்ளே வருவான் அப்பா என்றாள். வந்தால் என்னத்தை எடுத்துக்கொண்டு போவான், உன் அம்மா ரவிக்கையில் தைக்கிற மயில் டிசைனைத்தான் எடுத்துக்கொண்டு போவான், போகட்டும் என்றேன். கம்ப்யூட்டர் கடையில் கேட்டால், அங்கிள் உங்கள் கம்ப்யூட்டர் பதினொன்றுக்குத் தகுதி இல்லை, புதிது வாங்குங்கள் என்றான். எனக்கு அந்தத் தகுதி இல்லை என்ற வார்த்தை பிடிக்கவில்லை. நேற்றுவரை ஒழுங்காக வேலை பார்த்த ஒன்றுக்கு இன்றைக்குக் காலையில் எப்படித் தகுதி போகும்? மூன்று வீடு தள்ளியிருக்கும் என் நண்பர் மிஸ்டர் இக்னேஷியஸ், ஓய்வு பெற்ற ஆசிரியர், அவரும் பத்தில்தான் இருக்கிறார். நாங்கள் இருவரும் தெருமுனை மாமாக் டீக்கடையில் நுரை பொங்க ஆற்றிக் கொடுக்கும் தே தாரிக் குடித்துக்கொண்டே, மாறப்போவதில்லை என்று முடிவு செய்தோம். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் மாறக்கூடாது என்று முடிவு செய்திருந்தவன்.

இரண்டாவது முறை மாப்பிள்ளை வந்தது ஒரு சனிக்கிழமை காலை. தோசைக்கு உட்காரப் போனவர் அந்தத் திரையைப் பார்த்தார். பார்த்ததும் முகமே மாறிவிட்டது சம்பந்தி. "அங்கிள், ஏன் இன்னும் பத்துலயே இருக்கீங்க? இது பழைய மெஷின்தான், முறைப்படி ஏறாது. ஆனா வேற வழி இருக்கு. நான் மாத்திக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டார். எண்ணிப் பாருங்கள், ஒரே மூச்சில் அத்தனை வாக்கியம். அதுவரை அந்தப் பிள்ளையின் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. வருங்கால மாப்பிள்ளை நம் வீட்டில் முதன்முதலாக வாய் திறந்து ஒன்று கேட்கிறார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? தாராளமாகச் செய்யுங்கள் மாப்பிள்ளை, நானே உங்களிடம் கேட்க நினைத்தேன் என்று சொல்லிவிட்டேன். சமையலறையிலிருந்து அமுதவள்ளி கண்ணைக் காட்டினாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது, அது சனிக்கிழமை ராகு காலம். அதற்காகவே அவருக்கு இன்னொரு தோசை, இன்னொரு காப்பி, வாணியின் சின்ன வயது ஆல்பம் என்று கொடுத்துப் பத்தரை தாண்டும்வரை பிடித்து வைத்தோம். அவர் ஆரம்பிப்பதற்குள் அமுதவள்ளி அந்தப் பெட்டிக்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்துவிட்டாள்.

மத்தியானம்வரை அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டே இருந்தார். என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எத்தனை அழகாகச் சொன்னார் தெரியுமா? நடுவில் ஒரு துணி கேட்டு வாங்கிப் பெட்டிக்குப் பின்னால் இருந்த தூசியை எல்லாம் துடைத்தார். ஒயர்களைச் சேர்த்துக் கட்டினார். எல்லாம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, ஆன்டி இன்னும் கொஞ்சம் ரசம் என்று தட்டை நீட்டினார். அவராகவே கேட்டார். அமுதவள்ளி ரசச் சட்டியையே கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டாள். அன்றைக்கு அவரைக் கார்வரைக்கும் கொண்டுபோய் விட்டு வந்தபோது, பதினொன்று மாதிரி ஒரு நல்ல கண்டுபிடிப்பு உலகத்திலேயே இல்லை என்றுதான் நினைத்தேன்.

அந்த நினைப்பு சாயங்காலம்வரை இருந்தது. விளக்கு வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இடது மூலையில் இருந்த பொத்தானைக் காணோம். வீடெல்லாம் தேடுகிற மாதிரி திரையெல்லாம் தேடினால் அது நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. சரி, போகட்டும். பிறகு என் முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினேன். நீ இல்லை என்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காட்டினேன், ஒப்புக்கொண்டது. ஆனால் கண்ணாடி இல்லாமல் எனக்குத் திரை தெரியவில்லை. எதிர்வீட்டு லோரி எங்கள் வடிகாலை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று நகராண்மைக் கழகத்துக்கு ஒரு புகார் எழுத உட்கார்ந்தால், ஓரத்தில் ஒன்று முளைத்து, இதை இன்னும் அன்பாக எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்கிறது. புகாரை எதற்கய்யா அன்பாக எழுத வேண்டும்? பிரிண்டர் வெறும் தாளைத் தள்ளிவிட்டுத் தூங்கப் போய்விட்டது. இதெல்லாம்கூடப் பெரிய விஷயம் இல்லை. நான் வேலை இல்லாதவன், தேடிக்கொண்டிருப்பேன். அமுதவள்ளி கதைதான் வேறு.

அவள் கல்யாண ரவிக்கைகளுக்குப் பூவேலை செய்து கொடுப்பது உங்களுக்குத் தெரியும். தெங்கு கிளானா சாலையில் இருக்கிற புடவைக் கடைக்காரர்கள் எல்லாம் அவளிடம்தான் கொடுப்பார்கள். அவளுடைய எம்பிராய்டரி மெஷின் ஒரு ஒயரில் இந்தக் கம்ப்யூட்டரோடு சேர்ந்து இருக்கும். திரையில் மயிலைப் போட்டால் மெஷின் துணியில் மயிலைத் தைக்கும். அந்த மெஷினுக்கான புரோகிராமைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். அதற்குத் தெரிந்ததெல்லாம் பத்துதான். ஞாயிற்றுக்கிழமை அவள் ஒயரைச் செருகினாள். பதினொன்று யோசித்தது, யோசித்தது, பிறகு இந்தக் கருவி என்னவென்று தெரியவில்லை என்று எழுதிக் காட்டியது. "இத்தன வருஷமா பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு, இப்ப யாருன்னே தெரியலையாமே" என்று அமுதவள்ளி அந்த மெஷினைத் தடவிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள். மெஷினில் அப்போது மாட்டியிருந்தது வேறு யாருடைய ரவிக்கையும் இல்லை சம்பந்தி. நம் வாணியின் முகூர்த்த ரவிக்கை. வலது கையில் மயில் தோகை விரித்து நிற்கிறது. இடது கை மொட்டை.

உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட எடுத்தேன். அமுதவள்ளி போனைப் பிடுங்கிவிட்டாள். "கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிள்ளை அது. அதுகிட்டப் போயி, நீ கெடுத்துட்டேன்னு சொல்றதா? அப்புறம் இந்த வீட்டுல வாயத் தொறக்குமா?" என்றாள். அவள் சொன்னது சரி. மறு சனிக்கிழமை மாப்பிள்ளை வந்து, அங்கிள் எப்படி ஓடுகிறது என்று ஆசையாகக் கேட்டார். நான், மாப்பிள்ளை, பறக்கிறது என்றேன். பொத்தான் நடுவில் இருப்பது எவ்வளவு வசதி என்றேன். முகத்தைக் காட்டினால் திறப்பது எப்பேர்ப்பட்ட விஷயம் என்றேன். ஒரு பொய்க்குப் பக்கத்தில் இன்னொரு பொய் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது. பிறகு, எதற்கும் அப்டேட் வந்திருக்கும், பார்த்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறார். அப்டேட் பார்ப்பார், எனக்கு எதையாவது சொல்லிக் கொடுப்பார், நான் தலையை ஆட்டுவேன். நடுநடுவே ஆபீஸ் கதை சொல்வார். யாரோ ஒரு மேனேஜர் ஒயரைச் செருகாமலே கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று கத்தின கதையை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் மூன்று முறை கேட்டுவிட்டேன், இன்னொரு முறை சொன்னாலும் கேட்பேன்.

அப்படியானால் அமுதவள்ளியின் வேலை என்ன ஆவது என்றுதானே கேட்கிறீர்கள்? இக்னேஷியஸ் மனைவி திருமதி டொரத்தி கைகொடுத்தார். அவர்கள் வீட்டில்தான் இன்னும் பத்து இருக்கிறதே. இக்னேஷியஸ் காலையில் தேவாலயத்து ஆபீஸில் உதவிக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் அமுதவள்ளி மெஷினைப் பாசாருக்குக் காய்கறி வாங்க இழுத்துப் போகும் சக்கரப் பையில் வைத்து, தெருவில் யாரும் சந்தேகப்படக் கூடாதென்று மேலே ஒரு கீரைக் கட்டையும் செருகி, மூன்று வீடு தள்ளி இழுத்துக்கொண்டு போவாள். மத்தியானம் அதேமாதிரி இழுத்துக்கொண்டு வருவாள். பக்கத்து வீட்டு ஆன்டி தினம் கீரை என்ன விலை என்று கேட்கிறார், இவளும் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள். சனிக்கிழமையில் மாப்பிள்ளை வருவதற்குள் திரும்பிவிட வேண்டும். நல்லவேளை, முன்பெல்லாம் சொன்ன நேரத்துக்கு வந்தவர் இப்போது எப்போதும் தாமதமாகத்தான் வருகிறார், ஹைவேயில் ஜாம் என்கிறார். அந்த ஜாம் எங்களுக்குப் பெரிய உபகாரம். இக்னேஷியஸுக்கும் உண்மை தெரியாது. தெரிந்தால் தேவாலயத்துக்கே தெரிந்த மாதிரி. அதனால் எங்கள் வீட்டில் கரண்ட் பலவீனமாக இருக்கிறது, மெஷினைத் தாங்காது என்று டொரத்தி அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார். அந்த நல்ல மனிதர் எங்களுக்காக எலக்ட்ரீஷியனைத் தேடிக்கொண்டிருக்கிறார். வாணிக்கும் சொல்லவில்லை. அவள் பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து கொமியூட்டர் ரயிலில் வந்து இறங்குவதற்குள் மெஷின் பழைய இடத்தில் இருக்கும்.

எல்லாம் ஒரு மாதிரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கெடுத்தவன் நான்தான். போன மாதம் ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளையை மாமாக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அங்கே இக்னேஷியஸ் இருந்தார். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறாரே என்ற சந்தோஷத்தில் பதினொன்றைப் பற்றி நான் அடித்த தம்பட்டத்தில் ரோட்டி போடுகிறவர்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிரிண்டர் முன்பைவிட வேகம் என்றேன். வெறும் தாளைத் துப்பத்தான் வேகம் என்பதைச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த இக்னேஷியஸ், என்னோடு சேர்ந்து மாறவே கூடாது என்று முடிவு செய்த அதே இக்னேஷியஸ், சட்டென்று மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "தம்பி, எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, அதையும் மாத்திக் கொடுங்க லா" என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளை ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு சரி அங்கிள் என்றார். நான் அவசரமாக எழுந்து தே தாரிக்குப் பணம் கொடுக்கப் போனேன். அதன் பிறகு ஒரு வாரம் ஆபீஸ் வேலை, இன்னொரு வாரம் பென்டிரைவை மறந்துவிட்டேன் என்று எப்படியோ தள்ளிப் போயிற்று, முருகன் புண்ணியம். ஆனால் அடுத்த வாரச் சனிக்கிழமை கட்டாயம் என்று இக்னேஷியஸ் நாள் குறித்துவிட்டார். மாப்பிள்ளைக்கென்று டொரத்தியைக் கேக் செய்யவும் சொல்லியிருக்கிறார்.

சம்பந்தி, நிலைமை புரிகிறதா? அந்த ஒரு பத்தும் பதினொன்றாகிவிட்டால் இந்தத் தெருவில் அமுதவள்ளியின் மெஷினைத் தெரிந்த கம்ப்யூட்டர் ஒன்றுகூட இருக்காது. இடது கை மயில் இன்னும் கழுத்துவரைதான் வந்திருக்கிறது. ஒரு கல்யாண சீசன் முழுக்க மற்றவர்களின் ரவிக்கைகளும் காத்திருக்கின்றன. அதைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம். விஷயம் வெளியே வந்துவிட்டால் மாப்பிள்ளை முகம் எப்படிப் போகும் என்று நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. தான் கெடுத்துவிட்டோம், இத்தனை நாளாக இவர்கள் நம்மிடம் மறைத்து நடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், கூச்சப்பட்டு அப்படியே பழைய ஓகே அங்கிளாகப் போய்விடுவார். எனக்குச் சனிக்கிழமை வேண்டும் சம்பந்தி. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமையே நான் முகம் மழித்துக்கொள்கிறேன் என்று அமுதவள்ளி கேலி செய்கிறாள்.

அதனால் நீங்கள்தான் ஒரு வழி செய்ய வேண்டும். இக்னேஷியஸ் கம்ப்யூட்டரை அவர் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் சொன்னேன் என்று தெரியக் கூடாது. கல்யாணம் முடியும்வரை வெளியார் வீட்டு இயந்திரத்தில் கைவைக்கக் கூடாது என்று ஜோசியர் சொன்னதாகச் சொல்லிப் பாருங்கள். ஜோசியத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்றால் சம்பந்தியம்மா சொல்லட்டும், அம்மா சொன்னால் நம்புவார். அன்றைக்குக் காஜாங்கிலேயே ஏதாவது வேலை கொடுத்து நிறுத்திவிடலாம் என்று மட்டும் தயவுசெய்து யோசிக்காதீர்கள். அப்படிச் செய்தால் எங்கள் வீட்டுக்கும் வரமாட்டாரே. வர வேண்டும், ஆனால் மூன்று வீடு தள்ளிப் போகக் கூடாது. இதற்கு ஏதாவது உபாயம் உங்களுக்குத் தோன்றாமலா போகும்?

புது சிஸ்டத்துக்கு மாறுவது நல்லதா என்று உங்களை யாராவது கேட்டால் என்ன சொல்வீர்களோ தெரியாது. என்னைக் கேட்டால், கம்ப்யூட்டருக்கு நல்லதில்லை, வீட்டுக்கு நல்லது என்பேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் கட்டை எடுத்துக்கொண்டு நாங்களே காஜாங்குக்கு வருகிறோம். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், ஆனால் அதைச் சொல்லாதீர்கள், கடிதம் வந்தது தெரிந்துவிடும். தண்டாயுதபாணி துணையால் உங்கள் முழங்காலும் எங்கள் மயிலும் தை மாதத்துக்குள் சரியாகட்டும்.

அன்புடன்,
கமலநாதன்

பின்குறிப்பு: சனிக்கிழமை சாயங்காலம். மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிட்டு இதை மட்டும் படியுங்கள். நேற்றே தபாலில் போட்டிருக்க வேண்டும், ஸ்டாம்பு வாங்கப் போன இடத்தில் கடை மூடியிருந்தது. இன்று காலை சொல்லாமல் கொள்ளாமல் பெரிய மழை. அமுதவள்ளி டொரத்தி வீட்டில் மாட்டிக்கொண்டாள். மெஷினை நனைத்துக்கொண்டு வர முடியாது. நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், மாப்பிள்ளை கார் வருகிறது. வந்தது எங்கள் வாசலில் நிற்கவில்லை. நேராக டொரத்தி வீட்டு வாசலில் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவர் தன் மழைச்சட்டையைக் கழற்றி மெஷினுக்குப் போர்த்தி, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி அணைத்துக்கொண்டு மழையில் நடந்து வருகிறார். பின்னால் அமுதவள்ளி குடையும் கீரைக் கட்டுமாக வருகிறாள். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

மெஷினை மேசையில் வைத்தார். தலையைக்கூடத் துவட்டாமல் திரும்பிக் காருக்குப் போய், பின்பெட்டியிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து வந்தார். "அங்கிள், இதுல பழசுதான் இருக்கு. ஆன்டி மெஷினுக்கு உள்ள புரோகிராமும் ஏத்திட்டேன். இன்டர்நெட் மட்டும் போடாதீங்க, பயமில்ல" என்றார். எத்தனை நாளாக இது காரில் இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நாளாக என்றார். அமுதவள்ளி பையை இழுத்துக்கொண்டு போவதை ஆரம்பத்திலேயே தெருமுனையிலிருந்து பார்த்துவிட்டாராம். பார்த்தது தெரிந்தால் ஆன்டி சங்கடப்படுவார்களே என்று காரைத் திருப்பிக்கொண்டு போய், அவள் வீடு திரும்பும்வரை ஒவ்வொரு வாரமும் பெட்ரோல் நிலையத்தில் காத்திருந்திருக்கிறார். ஹைவேயில் ஜாமே கிடையாதாம். பையில் போவது மெஷின் என்பது, அப்டேட் பார்க்கும்போது கம்ப்யூட்டரில் கிடந்த கருவி தெரியவில்லை என்ற அறிவிப்பிலிருந்தே அவருக்குப் புரிந்துவிட்டதாம். பழைய சிஸ்டத்துக்கே திரும்பிப் போக முதல் சில நாட்கள் வழி இருந்ததாம், நாங்கள் புகழ்ந்துகொண்டிருந்ததில் அது தாண்டிவிட்டதாம். இக்னேஷியஸை வேண்டுமென்றே தள்ளிப் போட்டுக்கொண்டிருந்ததும் அவரேதான். ஏன் மாப்பிள்ளை இதை முன்பே கொடுக்கவில்லை என்றேன். "உங்களுக்குப் புதுசு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொன்னீங்க அங்கிள். இதக் கொண்டாந்து கொடுத்தா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..." என்று நிறுத்திவிட்டார்.

நான் சொன்னேன், "எனக்கு அது பிடிக்கவே இல்ல மாப்பிள்ளை."

"தெரியும் அங்கிள். நீங்க இன்னும் மூலையிலதான் தேடுறீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். அமுதவள்ளியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. வாணிக்கும் முதல் வாரமே தெரியுமாம். எல்லாவற்றுக்கும் மேலே, நீங்களும் இதில் கூட்டாமே சம்பந்தி? அவர்கள் மறைப்பதைப் பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளாதே, பெரியவர்கள் மனசு நோகும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானாமே. ஆக, ஊரெல்லாம் தெரிந்த ரகசியத்தை நான் ஒருவன் உட்கார்ந்து காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஜோசியர் வேண்டாம், சம்பந்தியம்மாவும் வேண்டாம். எதுவும் செய்யாதீர்கள். இக்னேஷியஸிடம் நானே போய், பழையதே போதும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், கேக்கை மட்டும் ரத்து செய்யவில்லை. இதை எழுதும்போது இடது கை மயிலுக்குத் தோகை வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை கிளம்பும்போது நான் கார்வரைக்கும் கூடவே போனேன். மெஷின் ஓடுகிறது, பார்க்க வேண்டிய அப்டேட்டும் இல்லை, இனி அவர் எதற்கு வர வேண்டும்? வழியில் பார்த்துப் போங்கள் என்று மட்டும் சொன்னேன்.

இன்னொரு பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை மாலை. ஸ்டாம்பு இன்னும் வாங்கவில்லை, அதனால் இதையும் சேர்த்துவிடுகிறேன். மத்தியானம் வாசலில் கார் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை. வாணி சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள், அது அவருக்கும் தெரியும். கம்ப்யூட்டரில் ஏதாவது விட்டுப் போயிற்றா மாப்பிள்ளை என்று கேட்டேன். இல்லை அங்கிள், சும்மாதான் வந்தேன் என்றார். சோபாவில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். பேச ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அவரும் தேடின மாதிரிதான் இருந்தது. டிவியில் யாரோ ஏதோ சமைத்துக்கொண்டிருந்தார்கள், இருவரும் அதைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால் தூங்கிவிட்டிருக்கிறார், வாய் லேசாகத் திறந்து, ஒரு கால் கீழே தொங்க. மெஷினைப் போட வந்த அமுதவள்ளி பார்த்துவிட்டு, போடாமல் உள்ளே போய்விட்டாள். நான் டிவி சத்தத்தைக் குறைத்து, காற்றாடியை ஒரு நம்பர் கூட்டி வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதம் காஜாங்குக்கு வந்து சேர்வதற்கு முன்பு அவர் வந்து சேர்ந்துவிடுவார், தெரியும். இருந்தாலும் முறைப்படி உங்களுக்கு அறிவிக்கிறேன் சம்பந்தி: இன்றைக்கு ராத்திரி அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்க வேண்டாம்.